பலசரக்குக் கடை வைத்த மந்திரவாதி

ஜூலை 2, செவ்வாய்

இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேனோ. காலையில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்து கிடந்தது. அதையெல்லாம் துடைத்துவிட்டு, தம்பி தவராஜை ஆட்டோவில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனால், பாதி நேரம்கூட ஆகவில்லை, "போதும், கழட்டி விடுங்க" என்கிறான். மெஷின் பார்க்கிற பெண் பேச்சி முடியாது என்றதும் தானே ஊசியைப் பிடுங்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் மீரான் பாய் பதறிப் போனார்.

இரண்டு கிட்னியும் போனவனுக்கு வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். காலமெல்லாம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவன், பச்சைக் குழந்தை இல்லை. ஆனால் பேச்சி என்னைத்தான் திட்டினாள், நான் என்னமோ சொல்லிக்கொடுத்து அனுப்பின மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னல நெனச்சிட்டிருக்க?"

"எக்கா, வியாழக்கெழம நான் வரல."

"வலிக்கா?"

"வலிச்சாக்கூட பரவால்ல. போரடிக்கிக்கா. மேல பாத்துக்கிட்டே கெடந்து கெடந்து செத்தவன் மாதிரி இருக்கு. இதுக்கு நெசமாவே செத்துரலாம்."

போரடிக்கிறதாம்! போன வருடம் ரிட்டயர் ஆகும்வரை பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். போரடிக்கிறது என்று முகம் காட்டிய பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். இவனை எங்கே நிற்க வைப்பது?

ஜூலை 3, புதன்

காலை காப்பியோடு பேச்சுவார்த்தை. கதை வாசித்துக் காட்டினால் வருவானாம். ஒரு கையில் ஊசி, கண்ணும் மங்கல், அவனால் புத்தகம் பிடித்துப் படிக்க முடியாது. சரி, நான் வாசிக்கிறேன், என்ன கதை வேண்டும் என்றேன். அங்கேதான் வினை.

"வாள் சண்டக் கத. மந்திரவாதி இருக்கணும்."

லாரியில் போகிற காலத்தில் செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போதெல்லாம் இந்தக் குப்பையைத்தான் படிப்பான். ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தான். போன டிசம்பரில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பெட்டியும் கூழாகிவிட்டது. அப்போது நான் வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

"அதே புத்தகத்தத் திரும்ப வாங்கித் தாரேன்" என்றேன்.

"அதெல்லாம் மனப்பாடம்க்கா. புதுசு வேணும். இப்ப எழுதுறாங்கல்லா, அது. ஆனா உலகத்தக் காப்பாத்துற கத வேண்டாம். ஒரு ஆளு, ஒரு வாளு. ஒரு கோட்டைக்குள்ள போணும், எதையாச்சும் தூக்கிட்டு உசுரோட வெளிய வரணும். மெஷின் போடும்போது ஆரம்பிச்சா கழட்டும்போது முடிஞ்சிரணும். தொடரும் கிரும்னு வந்துச்சு, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"ஏன், அடுத்த நாள் மிச்சத்தக் கேட்டா ஆவாதா?"

"பாதியில நிக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தான். சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது.

மத்தியானம் ஜங்ஷன் புத்தகக் கடைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரர் சோழன், பாண்டியன் என்று தலையணை தலையணையாக எடுத்துப் போட்டார். சரித்திரம் வேண்டாம், வாளும் மந்திரமும் இருக்கிற கதை, புதிதாக வந்தது, மெல்லிசாக வேண்டும் என்று விளக்கினேன். மூளையைக் கசக்கி யோசித்தவர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு புத்தகம் கொண்டு வந்தார். பில்லி, ஏவல், வசியம் எல்லாவற்றுக்கும் மந்திரம் அடங்கியது. அட்டையில் மண்டை ஓடு. அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற நேரம் பார்த்து, எங்கள் சபை பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் கமலபாய் பைபிள் உறை வாங்க உள்ளே வந்தாள்.

"என்ன ஜெயசீலி, தம்பிக்கு ரொம்ப முடியலியா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லி என்ன பிரயோசனம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜூலை 4, வியாழன்

கடைசியில் வாங்கி வந்தது ஒரு மொழிபெயர்ப்பு. செங்கல் கனம். முதலில் வரைபடம், பிறகு ஏழு அரச வம்சங்களின் கொடிவழி. தொண்டை வறள வாசித்தேன். மெஷின் முடிந்து மணி அடிக்கும்போது கதாநாயகன் தொட்டிலில் இருந்தான்.

"இவன் எப்பக்கா வாள எடுப்பான்?"

பின் அட்டையைப் பார்த்தேன். "ரெண்டாம் பாகத்துல எடுப்பான் போலருக்கு."

"அது வந்துட்டா?"

"இன்னும் எழுதலியாம்."

மீரான் பாய் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

ஜூலை 6, சனி

இன்றைக்குப் போனில் இறக்கிய கதை. அட்டைப்படத்தில் வாள் இருந்ததை நம்பி ஏமாந்தேன். கதாநாயகி வாளை ஓரமாக வைத்துவிட்டு, மனித உருவில் வருகிற நாகராஜனோடு ஊஞ்சலாடுகிறாள். பேச்சி பக்கத்தில் நிற்கிறாள், மீரான் பாய் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார், நான் எதை என்று வாசிப்பது? "அப்புறம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று சொல்லி நாலு பக்கத்தைத் தாண்டினேன். துணைப்பாட வகுப்பில் எத்தனையோ தடவை செய்ததுதான். பிள்ளைகளுக்கு ஆகாத இடம் வந்தால் நானே நாலு வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லிக் கடந்துவிடுவேன். ஒரு பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை.

தவராஜ் மட்டும், "ரொம்ப நேரமாப் பேசுதாங்களே" என்றான்.

நடுவில் பிரஷர் இறங்கி மெஷின் கூவியது. வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். கமலபாய் வேலை.

வீட்டுக்கு வந்து, ஃபேஸ்புக்கில் வாசகர் குழு ஒன்றில் விவரமாக எழுதிக் கேட்டேன். புதிதாக வந்த வாள், மந்திரக் கதை, ஒரே அமர்வில் முடிய வேண்டும். வந்த பதில்களைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. "குழந்தைகளுக்கா மேடம்?" "இதெல்லாம் இலக்கியமா?" ஒருத்தர் தன்னுடைய கவிதைத் தொகுப்பைப் பரிந்துரைக்கிறார். இரண்டு பேர் என் பதிவுக்குக் கீழேயே சண்டை பிடித்து, ஒருவரையொருவர் பிளாக் செய்துகொண்டார்கள். "அருமை", "அவசியம் படிக்க வேண்டியது", "மிரட்டல்". எதற்காக அருமை, யாருக்கு அவசியம் என்று ஒரு மனிதன் சொல்லக் காணோம். பரிந்துரை செய்வதற்கும் ஒரு படிப்பு வைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

எல்லாவற்றுக்கும் அடியில் நேற்று யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்: "உதிரை கதைகள். மெல்லிய புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழுக்கதை. உலகம் அழியாது, ஓர் ஆள் அழியலாம். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுதியவரிடமே வாங்கலாம்." கீழே ஒரு போன் எண்.

இதுதான் பரிந்துரை. இவர் மட்டும் என் வகுப்பில் இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

எழுதியவர் பெயர் கூர்வேலன். புனைபெயராகத்தான் இருக்கும், பெற்றவர்கள் இப்படி வைக்க மாட்டார்கள். வந்திருக்கிற நான்கு புத்தகங்களுக்கும் பணம் அனுப்பினேன்; தபால் வருகிறவரை படிக்க முதல் கதையைப் போனுக்கே அனுப்பிவிட்டார். வாட்டர் கேன்காரன் இன்றும் வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் கதை நன்றாக இருந்தது.

உதிரை என்று ஒருத்தி. கூலிக்கு வாள் வீசுகிறவள். வாள் நுனி உடைந்தது, புது வாள் வாங்க வக்கில்லை. அவளோடு சுற்றுகிறவன் தும்பன், அரைகுறை மந்திரவாதி. அவன் பொய் சொன்னால்தான் அவன் மந்திரம் பலிக்கும். அதுவும் ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சின்னப் பொய்க்கு விளக்கு எரியும், பெரிய பொய்க்குக் கதவு உடையும். கடலில் மூழ்கிய கோபுரத்துக்குள் இருவரும் முத்து திருடப் போகிறார்கள். காவலுக்கு நிற்கிற பூதத்தைப் பார்த்து, "உன்னைப் போல ஓர் அழகனை நான் கண்டதே இல்லை" என்கிறான் தும்பன். கோபுரமே குலுங்குகிறது.

தவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! "ஊசி அசையுது, ஆடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பேச்சியும் கட்டில் ஓரத்தில் நின்று மிச்சத்தைக் கேட்டாள்.

முடிவில் அவர்களைக் கூட்டிப்போன படகுக்காரன் முங்கிச் சாகிறான். தேவையில்லாத சாவு. வாசிக்கும்போதே நான் அவனை நீந்திக் கரையேற வைத்தேன்.

ஜூலை 13, சனி

மற்ற மூன்று புத்தகங்களும் தபாலில் வந்துவிட்டன. வியாழன் இரண்டாவது கதை, இன்று மூன்றாவது. இப்போதெல்லாம் ஆட்டோ வருவதற்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். "சீக்கிரம் வாக்கா, ஒனக்குத் தலய சீவ எத்தன நேரம்?" என்கிறான் என்னைப் பார்த்து!

இரண்டாவது கதையில் உதிரையின் குதிரை பிழைத்துக்கொண்டது. மூன்றாவதில் கிழட்டுச் சூனியக்காரி தீயில் விழாமல் தீர்த்த யாத்திரை போனாள். எழுத்தாளருக்குக் கைகூட நடுங்குவதில்லை, பக்கத்துக்குப் பக்கம் ஆளைக் கொல்கிறார்.

மீரான் பாய்க்குக் கதைகள் ரொம்பப் பிடித்துவிட்டன. "டீச்சரம்மா, இத எங்க வாங்குறது? மவள வாசிச்சுக் காட்டச் சொல்லணும்" என்றார். பெருமையாக இருந்தது. நான் ஒன்றைப் பரிந்துரைத்து ஒருத்தர் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. கூர்வேலனின் எண்ணை மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

பேச்சி கேட்டதால் முதல் கதையே மறுபடி. பிரஷர் இரண்டு தடவை இறங்கியது. இரண்டு தடவையும் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். முடிந்ததும் டாக்டர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

மாடித் தொட்டியைக் கழுவ வேண்டும். அடியில் பாசி பிடித்திருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான் ஆட்டோவில்.

"உப்பக் கொறைக்கச் சொன்னாரு."

ஜூலை 19, வெள்ளி

புதுக்கதையைச் சீக்கிரம் தீர்த்துவிட மனமில்லாமல் நேற்று மூன்றாவது கதையையே திரும்ப வாசித்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டான். புதிது என்று மிச்சமிருப்பது நான்காவது ஒன்றுதான்.

அதை இன்று மத்தியானம் முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். தும்பனைக் கொன்றுவிட்டான் பாவி!

புத்தகத்தை மூடிப் போட்டேன். யாரைக் கேட்டுக் கொன்றான்? உடனே கூர்வேலனுக்கு மெசேஜ் அனுப்பினேன். நான் இன்னார், ஒரு நோயாளிக்கு வாசித்துக் காட்டுகிறேன், உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா, அவனைக் கொல்லாவிட்டால் கதை நடக்காதா என்று கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது: "நானும் காப்பாற்றத்தான் பார்த்தேன் அம்மா. அவன் கேட்கவில்லை."

என்ன திமிர்! எழுதுகிற பேனா இவன் கையில், கேட்காதது தும்பனாம்.

ஜூலை 20, சனி

தும்பன் சாகவில்லை. மணல்கோட்டை இடிந்து விழுகிற நேரத்தில் சன்னல் வழியாக வெளியே குதித்து, பக்கத்து ஊருக்குப் போய்ப் பலசரக்குக் கடை வைத்துவிட்டான். எங்கும் தடுமாறாமல்தான் வாசித்தேன்.

தவராஜ் தலையை என் பக்கம் திருப்பினான். பிறகு, "கடையா?" என்றான்.

"ஆமா."

"எதுக்குக்கா பலசரக்குக் கட?"

"வயசான காலத்துல ஒரு தொழில் வேண்டாமா?"

"சரி" என்றான். "சரிதான்."

மீரான் பாய் இன்று வரவில்லை. மகளுக்கு ஏதோ பரீட்சையாம், நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஜூலை 24, புதன்

நேற்றும் பழைய கதைதான். தவராஜ் பாதியில் தூங்கிவிட்டான். தூங்கினானா, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தானா தெரியாது. புதுக்கதை வேண்டும். கூர்வேலன் அடுத்ததை எப்போது எழுதுவான் என்று தெரியவில்லை, அவனிடம் கேட்கவும் மனமில்லை.

குழுவில் உதிரை கதைகளைப் பற்றி நானே ஒரு பரிந்துரை எழுதினேன். யாருக்கு ஏற்றது, எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே சிரிப்பு வரும், எல்லாம் விவரமாக. நான் இவ்வளவு மெனக்கெட்டதற்கு வந்த ஒரே கேள்வி: "கடைசியில் யாராவது செத்துப் போவார்களா? அப்படியென்றால் நான் படிக்க மாட்டேன்."

பதில் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

எல்லாம் போயிற்று.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, மீரான் பாய் கட்டிலில் கிடந்தபடியே கையை நீட்டினார். கண் கலங்கியிருந்தது. "டீச்சரம்மா! தும்பன இப்பிடிக் கொன்னுட்டானே! நேத்து மவ வாசிக்கா, என்னால தாங்க முடியல. கோட்ட முழுக்க அவன் மேல விழுதே! நீங்க எப்பிடி அன்னைக்கு அழாம வாசிச்சிய?"

நான் தவராஜைப் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையால் எழுதிக்கொடுத்த எண், என் வாயால் செய்த பரிந்துரை. வேறு யாரைக் குறை சொல்ல?

அவனைக் கட்டிலில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பேச்சி நகர்ந்ததும் கேட்டான்.

"படகுக்காரன்?"

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"குதிர? அந்தக் கெழவி?"

"தவராஜு, ஒன் ஒடம்பு இருக்குற இருப்புக்கு..."

"நான் லாரி ஓட்டுனவன்க்கா. ரோட்டுல கெடந்தத எல்லாம் இந்தக் கையால அள்ளிப் போட்டுருக்கேன். எனக்குப் போயிப் பலசரக்குக் கடையா?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அன்னைக்கு டாக்டர் கூப்புட்டுப் பேசுனாருலா. உப்பக் கொறைக்கச் சொன்னாருன்ன. அதையும் இப்பிடித்தான் வாசிச்சியா?"

புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

"இனிமே நீ சொல்லுறதுல எது நெசம், எது பலசரக்குக் கடைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். அப்புறம் கடைசிவரை மேலே பார்த்தபடியே கிடந்தான்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

எனக்குக் கோபம்தான் வருகிறது. யாருக்காகச் செய்தேன்? வெயிலில் அலைந்து, கமலபாயிடம் பேர் கெட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் போனில் ஏச்சு வாங்கி, இந்த வயதில் பூதத்துக்கும் சூனியக்காரிக்கும் குரல் மாற்றி மாற்றிப் பேசி! நல்லது நினைத்துச் செய்தவளைக் கள்ளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். மீன் குழம்பு வைத்தேன். அவன் தொடவில்லை, நானும்தான்.

ஜூலை 30, செவ்வாய்

போகவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. ஹாரன் அடித்தது. அவன் கட்டிலை விட்டு எழவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், "ஒனக்காக இல்லன்னாலும் எனக்காக வால" என்றேன். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. பேச்சி இரண்டு தடவை போன் செய்தாள்.

ஜூலை 31, புதன்

கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்ந்து உட்கார்ந்தே கிடக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுகிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எங்கேயாவது எழுத வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதயம் களைத்துவிட்டது. ஒவ்வொரு தடவை மெஷின் போடும்போதும் பிரஷர் விழுவது அதனால்தான். ஒருநாள் விழுந்தது எழாமல் போகலாம். கிட்னி மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. வருடக் கணக்கில் யோசிக்காதீர்கள், மாதக் கணக்கில் யோசியுங்கள் என்றார் அவர். மெஷின் போடாவிட்டால் மாதமும் கிடையாது, சில நாட்கள்தான்.

நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். முடிக்கிறவரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மறைக்க இனி ஒண்ணும் இல்ல."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் என்ன ஓடியா போயிருவேன்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "சரி. ஆட்டோவுக்குப் போன் போடு. அந்தப் பொஸ்தகத்தையும் எடுத்துக்கிடு. தும்பன் எப்பிடிச் செத்தான்னு கேக்கணும்."

ஆட்டோ வரும்வரை அவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவசரம் என்று சொன்னதும் நேரே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு வாசிக்கிற நிலைமை இல்லை. ஆக்ஸிஜன் வைத்து, மெதுவாக ஓட்டினார்கள். மெஷின் பல தடவை கூவியது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. கஞ்சி குடித்தான். உப்பே இல்லை என்று குறை சொன்னான்.

ஆகஸ்ட் 3, சனி

மெஷின் போட்டார்கள். பேச்சி பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, "இன்னைக்கும் எறங்கத்தான் செய்யும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று என் காதில் சொன்னாள். மீரான் பாய் திரையை விலக்கச் சொன்னார். தெரிந்த கதைதான், இருந்தாலும் கேட்கிறேன் என்றார்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மணல்கோட்டை அரசன் உதிரையின் வாளைப் பறிப்பது, சிறைக்குள் எலிகள், சாவி திருடுவது, எதையும் தாண்டவில்லை. கடைசிப் பகுதி வந்ததும் நின்றேன். தவராஜ் கண்ணால் 'வாசி' என்றான். இந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் உள்ளபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

"கூரை பிளந்தது. வாசல் வெகு தூரத்தில் இருந்தது. தும்பன் தனக்குத் தெரிந்த பொய்களையெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தான். நான் அரசகுமாரன் என்றான், ஒரு கல் நின்றது. எனக்குப் பசியில்லை என்றான், ஒரு தூண் நின்றது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் சரிந்துகொண்டிருந்தது. 'நீ ஓடு' என்றான். உதிரை அவன் சட்டையைப் பிடித்தாள். 'உன்னை விட்டுவிட்டா? உனக்குப் பயமாக இல்லையா?' தும்பன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். 'இல்லை. எனக்குப் பயமே இல்லை' என்றான். கோட்டை முழுவதும் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே பெரியது அது. அவள் வாசலைத் தாண்டும்வரை நின்றது."

மீரான் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பேச்சி மெஷினைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். மறைக்கவில்லை.

இந்த இடத்திலா நான் தும்பனைச் சன்னல் வழியாகக் குதிக்க வைத்தேன்? கூர்வேலனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மெஷினில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. வழக்கமாகப் பிரஷர் இறங்குகிற நேரம். தவராஜின் கை சில்லென்று ஆவது எனக்குத் தெரிந்தது, உதடு வெளுத்திருந்தது. ஊசி இல்லாத கையால் என் விரல்களைப் பிடித்து இழுத்தான்.

"எக்கா."

"என்னல?"

என் முகத்தை நேராகப் பார்த்தான். "எனக்குப் பயமே இல்ல."

நான் அதைத் திருத்தவில்லை. "எனக்கும் இல்ல" என்றேன், அவன் முகத்துக்கு நேராக.

அதற்குப் பிறகு நேரம் முடிகிறவரை மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.